நனையாத தாள்

தண்டனை பற்றி ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா
என்று கேட்டார் நீதிபதி.
மஞ்சக்குப்பத்தில் இருபத்திரண்டு வருஷம்
அடுத்தவர் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன்.
சொந்தமாக ஒரு வாக்கியம் வரவில்லை.

'மேற்படி நான்' என்று தொடங்கலாமா?

நோட்டரி அரிகோவிந்தனுக்கு அந்தியில் கண் மங்கும்.
விரல் வைத்துக் காட்டுவேன், கையெழுத்துப் போடுவார்.
முத்திரை என் மேசை டிராயரில் கிடக்கும்,
மூக்குப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில்.

வந்தவன் பெயர் தீர்ப்பில் இருக்கிறது, நான் சொல்லவில்லை.
காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித் தோப்பு,
மூன்று ஏக்கர் எழுபது சென்ட்.
பொங்கலுக்குச் செத்துப்போன இருசம்மாள்
அதற்கு முந்தின டிசம்பரில்
கிரய ஒப்பந்தத்துக்கு ரேகை வைத்ததாக இருக்க வேண்டும்.
ரேகை யாருடையது என்று நான் கேட்கவில்லை.
இருபத்தைந்தாயிரம்.
மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று
என் வக்கீல் சொல்லச் சொன்னார். பொய்.
பல் கட்டினேன். மிச்சத்தில் ஒரு பழைய மொபெட்.

பதிவேட்டில் 2011 டிசம்பரைத் திறந்தேன்.
இடமில்லை.
வரிக்கு வரி ஆள் உட்கார்ந்திருந்தார்கள்.
ஆறு பேர் இருந்த ஒரு தாளைத் தையல் பிரித்து உருவி
அதே கம்பெனி நோட்டிலிருந்து வேறு தாளைக் கோத்தேன்.
ஐந்து பேரைத் திரும்ப எழுதினேன், அவர்கள் கையெழுத்தோடு.
414இல் இருந்தவளை எழுப்பிவிட்டு
இருசம்மாளை உட்கார வைத்தேன்.

எழுந்து போனவள் தேவனாம்பட்டினத்துக்காரி.
போதும்பொண்ணு என்கிற நிரஞ்சனி.
இனிமேல் இந்தப் பெயராலேயே அறியப்படுவேன் என்று
உறுதிமொழி கொடுத்தவள்.
அன்றைக்குப் பத்து ரூபாய் குறைந்ததென்று
செருப்பை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு
ஓடிப்போய் வாங்கி வந்தாள்.
ஏழாவது வருஷம், பாஸ்போர்ட்காரர்கள் கேட்டார்களென்று
முத்திரை போட்ட தாளோடு வந்து நின்றாள்.
புத்தகத்தில் அவள் இல்லை.
"அப்ப நான் யாருங்க?"
பதிவேட்டின்படி, இன்னும் போதும்பொண்ணுதான்.

அந்த டிசம்பர் கடைசியில்தான் தானே அடித்தது.
ஆபீஸ் ஓடு பறந்து
புத்தகம் விடியும்வரை நனைந்து கிடந்தது.
அட்டை முதல் அட்டை வரை கீழ் மூலையில் பழுப்பாக ஒரு கறை,
கெடிலம் வளைவது மாதிரி,
தாள் தாண்டித் தாள் இறங்கும்.
எனக்குத் தெரியாதா?
டீக்கடையில் பால் ஊற்றாமல் ஒரு டம்ளர் வாங்கி
பஞ்சில் தோய்த்து, மூன்று நாள் வெயிலில் காட்டி
நானே அசந்துபோகிற அளவுக்குச் செய்திருந்தேன்.

சென்னையிலிருந்து வந்த தடய நிபுணர், சின்னப் பையன்,
கூண்டில் நின்று சொன்னான்:
மற்ற தாள்களில் இருப்பது மழை.
இதில் இருப்பது தேநீர்.
கோர்ட்டே சிரித்தது. நானும் கொஞ்சம்.

நானூற்று அறுபத்தாறு, பதிவேட்டைப் பொய்யாக்கியதற்கு, ஏழாண்டு வரை.
நானூற்று அறுபத்தேழு, மதிப்புள்ள பத்திரம், ஆயுள்கூடப் போடலாம்.
இப்போது சட்டத்துக்கே எண்ணெல்லாம் மாற்றிவிட்டார்கள்.
அதற்கு நாடாளுமன்றம் இருக்கிறது.
என் குற்றம் பழசு, பழைய எண்ணே போதுமாம்.

சொல்ல ஒன்றுமில்லை ஐயா, என்றேன்.
நாலு வருஷம். அபராதம் பத்தாயிரம்.
கட்டத் தவறினால் மேலும் மூன்று மாதம்.
தோப்புக்காரன் அப்பீல் போகிறான்.
நிரஞ்சனி என் பக்கம் திரும்பாமல் படியிறங்கிப் போனாள்.

கேப்பர் மலைக்கு வேனில் இருபது நிமிஷம்.
உள்ளே மேசைமேல் ஒரு பதிவேடு, நல்ல தடிமன்.
பெயர், தகப்பன் பெயர், அங்க அடையாளம்
எழுதிக்கொண்டிருந்தவர்
எனக்கு மேலே ஒரு வரியை வெறுமனே விட்டிருந்தார்.
கை பரபரத்தது.
"சார், அதுல குறுக்கே ஒரு கோடு போட்டுடுங்க."
நிமிர்ந்து பார்த்தார்.
"யாராவது வந்து உக்காந்துடுவாங்க."